எங்கள் ஊரில் அடிமைகள் இருந்தார்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தேடத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் அதியமானில் தொடங்குகிறார்கள். நடுகற்களைச் சுற்றி வந்து, திப்பு காலத்துக் கோட்டையில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தது யார், ஏரிக்கரையைக் கட்டியது யார், அவர்களுக்குக் கூலி உண்டா, வேலை வேண்டாம் என்றால் போக முடிந்ததா என்று கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்க நினைக்கிற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அடிமைமுறை தஞ்சாவூர்ப் பக்கம்தானே? நம் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. தஞ்சை, திருச்சி, செங்கல்பட்டு போன்ற நெல் வயல் பகுதிகளில் ஒரு சேரியையே நிலத்தோடு சேர்த்து உடைமையாக வைத்திருந்தார்கள். நிலம் கைமாறினால் ஆட்களும் கைமாறினார்கள். நம்முடையது மானாவாரி பூமி. கேழ்வரகு, கம்பு, சாமை, கொள்ளு. மழை பொய்த்தால் ஆடு மாடு. ஒரு குடியானவர் வீட்டுக்குத் தேவைப்பட்டது ஒன்றிரண்டு ஆள்தான். ஆனால் அந்த ஆள் விடியுமுன் சாணி அள்ளுவதிலிருந்து இரவு காட்டுக்காவல் வரை வருஷம் முழுக்க வேண்டும். அவரைப் பிடித்து வைத்த கயிறு கடன். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் மாடு மேய்த்தான். மகன் தலையெடுத்ததும் அவன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அதோடு சேர்ந்தது.

அதனால் இங்கே சந்தை, சங்கிலி, ஏலம் என்று தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். தேட வேண்டியது கடன் கணக்கை. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது அதுதான்.

எவ்வளவு பழைய காலத்துக்குப் போக வேண்டும்?

உங்கள் ஊரில் எந்தக் காலத்துக்குச் சான்று கிடைக்கிறதோ அதுவரை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனிதர்களைக் கோயிலுக்கு விற்ற செய்தி தெளிவாகவே இருக்கிறது. 1201-இல் பஞ்சம் வந்தபோது திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். அது இன்றைய திருவாரூர் மாவட்டம். நம் பக்கக் கோயில் கல்வெட்டுகளில் அப்படி ஏதாவது உண்டா என்று பார்க்க விரும்பினால், தொல்லியல் துறை அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதிகளை வட்டம் வாரியாகப் புரட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. நடுகல்லில் வரும் ‘சேவகன்’ படைவீரன். கவர்ந்து போன தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுச் செத்தவன். பக்திப் பாடல்களில் வரும் ‘அடியான்’, ‘அடிமை’ இறைவனுக்கு. அந்தச் சொற்களைக் கண்டதும் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

நடைமுறையில் நம்மவர்களுக்குக் கைக்கெட்டும் காலம் 1792-க்குப் பிறகுதான்.

ஏன் 1792?

அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் நம் வட்டாரத்தின் பெரும்பகுதியான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகியாக வந்தார். அவருக்குக் கீழே கிருஷ்ணகிரிப் பகுதியை கிரஹாமும், தருமபுரிப் பகுதியைத் தாமஸ் மன்றோவும், தெற்கே சேலம் பக்கத்தை மெக்லியாடும் பார்த்தார்கள். 1799 வரை அவர்கள் ஊர் ஊராக நிலம் அளந்து, வரி விதித்து, எழுதிக் குவித்தார்கள். குடியானவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். அந்தக் காகிதங்களில் ஒரு பகுதி ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் 1907 முதல் சென்னையில் அச்சாயின. குடிகள், விளைபொருள், நிலவரி, மற்ற வரிகள் என்று பிரித்திருப்பார்கள். குடிகளைப் பற்றிய பகுதியையும் நிலவரிப் பகுதியையும் முதலில் படியுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தப் பகுதி பாலாகாட். 1799-இல் திப்பு மறைந்த பிறகுதான் கம்பெனியிடம் வந்தது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

அந்த ஆவணங்களைப் புரட்டினேன். ‘அடிமை’ என்று எங்கள் ஊருக்கு நேராக ஒன்றுமே இல்லையே?

அதிகாரி கேட்டது ஊர்க் கவுண்டரிடமும் கணக்குப்பிள்ளையிடமும். கன்னடம் பேசும் பக்கத்தில் சானுபோகரிடம். ஆளாக இருந்தவரை அழைத்து உட்கார வைத்து யாரும் விசாரிக்கவில்லை. வரி கட்டுகிறவன் பெயர் ஏட்டில் வரும். வரி கட்டுகிறவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்தவன் பெயர் வராது.

ஆகவே நேராகத் தேடாமல் பக்கவாட்டில் தேட வேண்டும். ஒரு ஏருக்கு எத்தனை ஆள் என்று கணக்கு வரும் இடம், உழுகூலியைத் தானியத்தில் குறிக்கும் இடம், ஓடிப்போனவர்களைப் பற்றிய புகார், ‘ஆள் இல்லாததால் நிலம் தரிசு’ என்று குடியானவர் முறையிடும் மனு. கடைசியாகச் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். ஆள் எங்கே போனார், ஏன் போனார் என்று அந்த மனு சொல்லாமல் சொல்லும்.

1819-இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகளை வைத்து ஆராய்ந்தது. 1841-இல் இந்தியச் சட்ட ஆணையம் தனி அறிக்கையே கொடுத்தது. இவற்றில் சேலம் மாவட்டம் என்று தேடுங்கள். நம் தருமபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து. இது தெரியாமல் ‘தருமபுரி’ என்று தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆய்வுக்காக என்று விண்ணப்பித்து, அடையாளச் சான்றோடு போக வேண்டும். கல்லூரியில் இருப்பவர்கள் துறைத்தலைவர் கடிதத்தையும் கொண்டுபோனால் வேலை சுலபம். 1883-இல் வந்த சேலம் மாவட்டக் கையேடும் 1918-இல் வந்த சேலம் கெசட்டியரும் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. எழும்பூருக்குப் பஸ் ஏறுமுன் அவற்றைப் படித்து, உங்கள் ஊர்ப் பெயரை அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியையே ‘கிஸ்ட்னகெரி’ என்று எழுதியிருப்பார்கள். சின்ன ஊர்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

1843-இலேயே அடிமைமுறை ஒழிந்துவிட்டதாகப் படித்தேனே?

1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ‘இவன் என் அடிமை’ என்று நீதிமன்றத்தில் உரிமை கோரினால் செல்லாது என்றது. வரி பாக்கிக்காக அதிகாரி ஒருவனை விற்கக் கூடாது என்றது. அடிமை என்று காரணம் காட்டி ஒருவன் சம்பாதித்த பொருளைப் பிடுங்கக் கூடாது என்றது. எழுதப் படிக்கத் தெரியாத, ஊர் எல்லை தாண்டாத ஒருவருக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்? தண்டோரா போட்டு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை.

மனிதரை வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370, 371 பிரிவுகளில். அது நடைமுறைக்கு வந்தது 1862-இல். அதற்குள் வேறு ஒரு வழி திறந்திருந்தது. 1859-இல் வந்த வேலை ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் போடலாம் என்றது. நகரத் தொழிலாளருக்கென்று வந்த சட்டம் பிறகு மற்ற பகுதிகளுக்கும் நீட்டப்பட்டது. 1925-இல்தான் அதை நீக்கினார்கள். கிரைய ஓலை எழுத முடியாத இடத்தில் கடன் முறி எழுதப்பட்டது. வேலை அதே வேலை. கொத்தடிமை முறைக்கு நேரடியான தடை 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் சட்டமானது.

ஆக 1843 என்பதை முற்றுப்புள்ளியாக எழுதும் எந்த ஊர் வரலாற்றையும் நான் நம்புவதில்லை.

பதிவேடுகளிலும் பேச்சிலும் எந்தச் சொற்களைத் தேட வேண்டும்?

பண்ணையாள், படியாள், ஆள்காரன், வருஷத்து ஆள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஜீதம், ஜீதக்காரன். ஓலைகளில் ஆளோலை, அடிமை ஓலை, ஆள் கிரையம், முறி. கணக்கு நோட்டுகளில் ‘ஆள் பற்று’, ‘முன்பணம்’. பிற்காலத்தில் சூளையிலும் குவாரியிலும் ‘அட்வான்ஸ்’. அரசாங்கத் தாளில் 1976-க்குப் பிறகு ‘கொத்தடிமை’. எங்கள் பெரியவர்கள் யாரும் அந்தக் கடைசிச் சொல்லைத் தங்களுக்குச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுப் பரணில் ஓலைக் கட்டு கிடைத்திருக்கிறது. அடிமை ஓலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், நூலை அவிழ்த்து வரிசையைக் கலைக்காதீர்கள். போனில் நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டு ஒளி விழும்படி ஒவ்வொரு ஏட்டையும் இருபுறமும் படம் எடுங்கள். நிறைய ஓலைகள் நிலக் கிரையமாகவோ ஜாதகமாகவோ மருத்துவமாகவோ இருக்கும்.

கிரைய ஓலைகளுக்கு ஒரு சட்டகம் உண்டு. முதலில் ஆண்டும் மாதமும் தேதியும். பிறகு எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், விலை, ‘சந்திராதித்தர் உள்ளவரை’ என்பது போன்ற நிரந்தர வாசகம், சாட்சிகள், எழுதிய கணக்கன் பெயர். நிலமானால் நடுவில் நான்கெல்லை வரும். அந்த இடத்தில் எல்லைக்குப் பதிலாக ஆள் பெயர்கள், ‘இவன் பெண்சாதி’, ‘இவன் மக்கள்’, ‘இனிப் பிறக்கும் பிள்ளைகள்’ என்று வந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது மனிதரை விற்ற பத்திரம்.

சுந்தரர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலுக்கு வந்த கிழவர் ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் மூல ஓலையை நீட்டுகிறார். பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டு, ஓலை செல்லும் என்று அவையோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். கதையின் பொருள் வேறு. ஆனால் படியும் மூலமும் தனித்தனியாக வைத்திருப்பது, பாட்டன் எழுதியது பேரனைக் கட்டுவது, கையெழுத்து ஒத்துப்பார்ப்பது எல்லாம் கேட்டவர்களுக்குப் புதிதாக இல்லை. அவ்வளவு பழகிய நடைமுறை அது. உங்கள் ஓலையையும் அப்படியே சோதியுங்கள்: அதே கணக்கன் எழுதிய இன்னொரு ஓலை ஊரில் இருக்கிறதா?

தேதியைப் பொறுத்தவரை, பிரபவ முதல் அட்சய வரையிலான பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் அது மட்டும் போதாது. பசலி என்ற வரி ஆண்டுக் கணக்கு இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பணத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் போடாதீர்கள். மைசூர்க் கண்டீராய பணமும் கம்பெனி வராகனும் ஒரே சந்தையில் புழங்கிய பூமி இது. அந்த விலைக்கு அப்போது எத்தனை மாடு, எத்தனை கேழ்வரகு என்று சொன்னால் படிப்பவருக்கு விளங்கும்.

கணக்கு நோட்டு என்றீர்களே, அதில் என்ன இருக்கும்?

நான் பார்த்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு குடியானவர் வீட்டுப் பற்றுவரவு நோட்டு. நீள வாக்கில் தைத்த நோட்டு. ஓரம் கரையான் அரித்திருந்தது. பக்கத்துக்கு ஓர் ஆள். மேலே பெயர், அதற்குக் கீழே ௶ என்று பற்றுக் குறி, எதிர்ப் பக்கம் ௷ என்று வரவுக் குறி. பற்றுப் பக்கம் நிரம்பி வழிந்தது. பண்டிகைக்கு வேட்டி. காய்ச்சலுக்குக் கஷாயக் கடையில் கொடுத்தது. குழந்தை சாவுக்குத் துணி. கேழ்வரகு இத்தனை வள்ளம். மேய்ச்சலில் தொலைந்த ஆட்டுக்கு அபராதம். உடைந்த கலப்பைக்கு விலை. வரவுப் பக்கம் பெரும்பாலும் காலி. வருஷக் கூலியை ஒரே வரியில் கழித்துவிட்டு, மிச்சக் கடனை அடுத்த பக்கத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். சில பக்கங்கள் தள்ளி, மேலே இருந்த பெயர் மாறியிருந்தது. மகன் பெயர். கடன் தொகை அதேதான்.

அந்த ஆளுக்கு எழுத்துத் தெரியாது. தன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் படித்திருக்க முடியாது. ஒரு கல்வெட்டைவிட இந்த நோட்டுகளுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். பழைய வீடு இடிக்கும்போது இவை எடைக்குப் போகின்றன. பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? ‘அடிமையா இருந்தீங்களா’ என்று கேட்க நா எழவில்லை.

அப்படிக் கேட்கவே வேண்டாம். ‘தாத்தா, சின்ன வயசுல யாரு பண்ணையத்துல இருந்தீங்க?’ என்று கேளுங்கள். ‘எங்கப்பன் அங்கதான் ஆளா இருந்தாரு, நானும் பல்லு மொளைக்கறதுக்குள்ள மாடு ஓட்டப் போயிட்டேன்’ என்று தானாக வரும். அப்புறம் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். களி எதில் ஊற்றினார்கள், கையிலா, மண்சட்டியிலா? எங்கே படுத்தீர்கள்? வருஷத்துக்குக் கம்பளி உண்டா, செருப்பு உண்டா? அக்கா கல்யாணத்துக்கு விட்டார்களா? வேறு பண்ணையத்துக்குப் போக நினைத்தால் யார் கடனைக் கட்டினார்கள்? ஓடிப்போனவர் உண்டா, பிடித்து வந்தார்களா?

புது ஆண்டை கடனைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வது பல ஊர்களிலும் சொல்லப்படுகிறது. அதை ஊரில் உதவியாகப் பேசுவார்கள். ஆள் கைமாறியதையும் விலையையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் நாட்கள் இந்தப் பேச்சுக்கு நல்ல நேரம். சூதில் தோற்றுத் தருமர் தம்பிமாரையும் தம்மையும் பாஞ்சாலியையும் அடிமையாக்கும் இரவுக்கு மறுநாள், திண்ணையில் உட்கார்ந்து ‘நம்மூர்லயும் இப்படி உண்டா?’ என்று ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டி என்று மைக்கை நீட்டினால் வராத பேச்சு வரும். பதிவு செய்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளை உங்கள் கூட இருந்தால் அவர்கள் பேசமாட்டார்கள்.

பெண்களைப் பற்றி ஏன் ஒன்றுமே கிடைப்பதில்லை?

ஆணுக்கு எழுதிய கடனில் அவர் மனைவியின் உழைப்பு அடக்கம். வாசல் பெருக்கியது, கட்டுத்தறி வாரியது, கம்பு குத்தியது, முதலாளி வீட்டுக் குழந்தையை இடுப்பில் சுமந்தது எதற்கும் நோட்டில் வரி கிடையாது. ‘அவன் பெண்சாதி’ என்று ஒரு சொல் இருந்தாலே அதிகம். எனவே பெண்களின் பெயரைப் பெண்களிடம்தான் வாங்க வேண்டும். பேரன் பேத்திகளுக்குத் தெரிந்த பெயர்கள், ஒப்பாரியில் வரும் பெயர்கள், குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கும்போது சொல்லும் பெயர்கள். பெண் பிள்ளைகள் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. அத்துமீறல்கள் பற்றிப் பேச்சு வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

பஞ்சத்தில் பிள்ளைகளை விற்றார்கள் என்று பாட்டி சொன்னார். நம்பலாமா?

நம்பித் தேடுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தை நாசமாக்கியது. 1871-இல் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கிவிட்டது. செத்தவர்கள் போக, மைசூர்ப் பக்கமும் தோட்டங்களுக்கும் கடல் கடந்தும் போனவர்கள் உண்டு. ஊரில் ஒரு குடும்பத்தின் கடன் எந்த வருஷத்தில் தொடங்கியது என்று கேட்டால், பதில் பலமுறை ஏதோ ஒரு பஞ்சத்தில் போய் நிற்கும்.

கடல் கடந்து போனவர்களைத் தேட முடியுமா?

முடியும். அவர்களைத் தேடுவது ஊரில் இருந்தவர்களைத் தேடுவதைவிடச் சுலபம். ஒப்பந்தக் கூலிகள் சட்டப்படி அடிமைகள் இல்லை. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை நீங்கிய இடத்தில் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். மொரிஷியசுக்கு 1834 முதல் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்கு மட்டும் போனார்கள்.

நேட்டால் கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். சேலம் ஜில்லா என்று வடிகட்டிவிட்டு ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் ஊர்கள் உருத்தெரியாமல் ஒளிந்திருக்கும். ஊரில் எந்த ஏட்டிலும் பெயர் வராத ஒரு மனிதரின் பெயரும் அவர் அப்பா பெயரும் முதல்முறையாக எழுத்தில் வருவது அந்தப் பட்டியலில்தான்.

வேப்பனப்பள்ளி, பேரிகை பக்கத்தவர்கள் கோலார் தங்கவயலையும் விடாதீர்கள். 1880-களில் சுரங்கங்கள் வளர்ந்தபோது வடஆற்காட்டிலிருந்தும் சேலம் மாவட்டத்திலிருந்தும் பண்ணையத்தை விட்டுப் பலர் அங்கே போனார்கள். சுரங்க வேலை கொடுமையானதுதான். ஆனால் கையில் காசாகக் கூலி வந்தது.

நிலப் பதிவேடுகள் உதவுமா?

1892-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. உங்கள் ஊர் நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த்துறை ‘அ’ பதிவேட்டில் அப்படி வகைப்படுத்திய புல எண்கள் உண்டா, இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பண்ணையத்தை விட்டு வெளியே வர ஒருவருக்குக் காலூன்ற இருந்த இடம் அதுதான். அதுவும் கடனுக்குப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

எங்கள் குடும்பமே ஆள் வைத்திருந்த குடும்பம். நான் எழுதினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வருவார்கள். ‘நாங்க சோறு போட்டு வளர்த்தோம், பிள்ளை மாதிரி வச்சிருந்தோம்’ என்பார்கள். அதையும் அவர்கள் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: அந்தப் பிள்ளை வீட்டுக்குள் எந்த வாசலில் வந்தார், எந்தத் தட்டில் சாப்பிட்டார், சொத்தில் பங்கு உண்டா? உங்கள் வீட்டில்தான் நோட்டும் ஓலையும் இருக்கின்றன. வேறு யாராலும் செய்ய முடியாத வேலை உங்கள் கையில் இருக்கிறது. படி எடுத்து, அந்தப் பக்கத்தில் பெயர் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு படியை முதலில் கொடுங்கள். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

எங்கள் தாத்தா ஆளாக இருந்தவர். அப்பா இதைப் பேசவே விடுவதில்லை. கிளறத்தான் வேண்டுமா?

அப்பா விருப்பத்தை மீறி அவர் பெயரை வெளியே வைக்க வேண்டாம். ஆனால் தாத்தாவைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வெட்கப்பட வேண்டியது கடனை எழுதியவர்கள். உங்கள் தாத்தா வெட்டிய கிணறு எது, அவர் ஓட்டிய காடு எது என்று அப்பாவோடு ஒருநாள் நடந்து பாருங்கள். அப்படி நடந்தபோது பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்களையும் சாதியையும் வெளியிடலாமா?

பழைய ஆவணத்தில் இருப்பதை ஆய்வுக்காக அப்படியே படியெடுக்கலாம். பொதுவில் வைக்கும்போது உயிரோடு இருப்பவர்கள், அவர்களை அடையாளம் காட்டும் வீட்டுப்பெயர், தெரு, புல எண் ஆகியவற்றை ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள். இரு தரப்புப் பேரப்பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். பள்ளியில் இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும் ‘உன் குடும்பம் எந்தப் பக்கம்?’ என்று வகுப்பில் கேட்கவே கூடாது.

தேடிக்கொண்டே போனால் இன்றும் சூளையிலும் குவாரியிலும் தோட்டத்திலும் அதே நிலைமையில் இருப்பவர்களைப் பார்க்கிறோமே?

பார்ப்பீர்கள். அப்போது வரலாற்று நோட்டை மூடி வைத்துவிட்டு முதலில் அவர்களைக் கவனியுங்கள்.

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் ஒழிந்தது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில் சொன்னது. கட்டாய உழைப்பு நிரூபணமானால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கருத வேண்டும் என்று பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது.

மனுவை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுங்கள். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்டங்கள். குழந்தைகள் இருந்தால் 1098-ஐ அழையுங்கள். நீங்களாகப் போய் முதலாளியிடம் பேசாதீர்கள். இரவோடிரவாக ஆட்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். மனுவில் எத்தனை குடும்பம், முன்பணம் எவ்வளவு, எப்போது வாங்கியது, வாரக் கூலி எவ்வளவு கைக்கு வருகிறது, ஊர்த் திருவிழாவுக்கோ சாவுக்கோ போகக் கேட்டபோது என்ன நடந்தது, செல்போனையும் ஆதார் அட்டையையும் யார் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பழைய ஆள் பற்று நோட்டில் நீங்கள் தேடிய அதே விவரங்கள்தான்.

மீட்டபின் ஒவ்வொருவருக்கும், மனைவிக்கும் தனியாக, விடுதலைச் சான்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் மறுவாழ்வுத் தொகை வராது. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தில் வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைந்திருப்பதால் வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தாத் தேதியையும் குறித்து வைத்து, அவர்களுக்கும் ஒரு படி எழுதிக் கொடுங்கள்.